வட்டிக்கடையும் மனச்சுகமும்

பெருஞ்சம்பளம் தரும் பண உத்தியோகம் மனிதனுக்குச் சுகம் தருமா என்கிற கேள்வி, நம் டெங்கில் பக்கத்தில் இப்பொழுது வெறும் திண்ணைப் பேச்சு அல்ல. புத்ராஜெயா எழும்பியபொழுது பிராங் பெசார், செட்ஜ்லி, காலவே, மேடிங்லி என்னும் நான்கு தோட்டங்களினின்றும் பெயர்க்கப்பட்டு, இங்குத் தாமான் பெர்மாத்தா அடுக்குவீடுகளில் வைக்கப்பட்ட தொழிலாளரின் சந்ததியார், இன்று கோலாலம்பூரில் வங்கியிலும் பங்குச் சந்தைக் கம்பெனியிலும் இடம் தேடுகிறார்கள். பெற்றோர் அதனையே மோட்சமென்று எண்ணுகிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நம்மைப் பார்த்து, "கிராணியாரே, இதில் இருந்து நீங்கள் என்ன கண்டீர்கள்?" என்று அவர்கள் கேட்பது தவறென்று சொல்லமாட்டோம். நாமும் ஒருகால் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு ஒரு வங்கியின் வாயிலில் காத்திருந்தவரே, எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஆகவே நாம் எழுதுவதைப் பழம் புளிக்குமென்ற நரியின் பேச்சாகக் கொள்வார் கொள்க.

இக்கேள்விக்கு நம்மவர் வழக்கமாய்ச் சொல்லும் விடை, பட்டினத்தாரின் ஊசியைக் காட்டிவிட்டுப் போவதுதான். செல்வம் மாயை என்று சொல்லிவிட்டால், கூலி உயர்வு கேட்கிறவன் வாயையும் அதே ஊசியால் தைத்துவிடலாமல்லவா? இவ்வுபதேசத்தை நாம் ஒப்புவதில்லை. அமெரிக்காவில் கானமன், டீட்டன் என்னும் அறிஞர் 2010-இல், ஆண்டு வருமானம் ஏறக்குறைய 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மனமகிழ்ச்சி மேலும் உயர்வதில்லை என்றனர். 2021-இல் கில்லிங்ஸ்வொர்த் என்பார் அதனை மறுத்தார். பின்னர் 2023-இல், எதிரெதிராய் நின்ற கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் மெல்லர்ஸ் என்பாரையும் சேர்த்துக்கொண்டு ஆராய்ந்து, பெரும்பாலோர்க்கு வருமானம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது, முன்னமே துயரில் ஆழ்ந்திருக்கும் ஒரு சிறு பகுதியார்க்கே அஃது ஓரளவில் நின்றுவிடுகிறது என்று கண்டனர். எனவே பணம் சுகம் தராது என்பது பொய். கேட்கவேண்டியது வேறு: பணத்தையே சரக்காக வைத்து நடத்தும் தொழில், அதற்குள் புகுந்த ஆளை என்ன செய்கிறது?

இதனை நமக்குக் காட்டிய நூல் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. ஆங்கிலவழியிற் படித்த நமக்கு அது முப்பது வயதுக்கு மேற்றான் கைக்கு வந்தது, வெட்கத்துடன் சொல்லுகிறோம். சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ஆசிரியர், 1938-இல் சுமத்திராவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். யுத்தம் முடிந்தபின் 1946-இல் திரும்பி, மதுரையில் பத்திரிகைத் தொழிலில் அமர்ந்தார். இந்நாவல் கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959-இல் நூலாயிற்று. ஆகவே பெட்டியடியில் உட்கார்ந்து பார்த்தவனுடைய எழுத்து இது.

அக்கடைகளின் ஏற்பாட்டைச் சிறிது சொல்லவேண்டும். பெட்டியடிப் பையனாய்க் கப்பலேறுகிறவன், அடுத்தாளாகி, பின் மேலாளாகி, கடைசியில் தனிக்கடை வைக்கலாமென்பது நம்பிக்கை. மேலாளுக்கு மூன்றாண்டுக் கணக்கு வழக்கம். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம் லெபோ அம்பாங்கிலும், கிட்டங்கியின் தரையில் அவரவர் கைப்பெட்டிக்கு எதிரே அமர்ந்து, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, பேரேட்டில் வட்டி ஏறுவதைப் பார்த்துக் காலம் கழிந்தது. வாழ்வது என்பது எப்பொழுதும் அடுத்த கணக்குக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

செல்லையா இந்தப் படியில் ஒழுங்காய் ஏறிக்கொண்டிருந்தவன். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதம் அவனுக்கே என்றிருந்தது. யுத்தம் வந்தது, அவன் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்து திரும்பினான். பெண் கொடுக்க இப்பொழுது பிள்ளைக்கு மனமில்லை. இதைக் கிழவரின் பிடிவாதமென்றும், கதையைக் காதல் தோல்வியென்றும் நண்பர் பலர் நம்மிடம் கூறினர். நாம் அவ்வாறு வாசிக்கவில்லை. பிள்ளை கொடியவரல்லர், தொழிலறிந்தவர். துப்பாக்கி பிடித்து, கட்டளையிட்டு, தலைநிமிர்ந்து நடந்த ஒருவன், கைகட்டிப் பணிந்து தவணை கேட்கும் வேலைக்கு இனி உதவான் என்று அவர் போட்ட கணக்கு சரியான கணக்கே! அதுவே நம்மை நடுங்கச் செய்கிறது. எதனால் செல்லையா முழு ஆண்மகனானானோ, அதுவே அவனுடைய தகுதிக்குறைவாய்ப் பற்று எழுதப்படுகிறது. பிள்ளையோ தம் சொந்த மகளைப் பற்றிய யோசனையிலும் பேரேட்டை மூடிவைக்க இயலாதவராகிவிட்டார். செல்வம் அவருக்கு உண்டு. நஷ்டம் எங்கே விழுந்ததென்று பார்க்கும் கண் இல்லை.

நூலிற் குறையும் உண்டு. மரகதத்தின் மனத்துக்குள் ஆசிரியர் போதுமான அளவு புகவில்லை. கடையைக் கைமாற்றுவதுபோல் ஒரு பெண்ணைக் கைமாற்றும்பொழுது, அவள் கண்ணீரை மட்டும் காட்டி, அவள் எண்ணத்தை விட்டுவிடுவது நியாயமா? கடன்பட்டவன் வீட்டுப் படியிலும் கதை நெடுநேரம் நிற்பதில்லை. பிற்பாடு 1972-இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் என்பான் கடைவாழ்வை உதறி எவ்வளவோ தூரம் போகிறான். நூலும் பன்மடங்கு பெரிது. ஆயினும் இந்தச் சிறிய நூலில் முதலாளியும் பையனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பேச்சின் அமைதி, நமக்கு அதிலும் கிடைக்கவில்லை. இது நம் சொந்த அபிப்பிராயம். மறுப்போர் பலர் உளர்.

நிற்க. கடந்த தீபாவளிக்கு, நம்முடன் வேலைபார்க்கும் ஒருவருடைய மகன் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தான். வங்கியில் முதலீட்டுப் பகுதியில் வேலை; நம் மூன்று மாதச் சம்பளம் அவனுக்கு ஒரு மாதத்தில் வருகிறது. தகப்பனாரின் அடுக்குவீட்டுக் கடனை அவனே அடைத்தான். அதைக் குறைத்துப் பேச நமக்கு யோக்கியதை இல்லை. சாப்பிடும்பொழுது இரண்டு முறை எழுந்து போனில் பேசப் போனான். இந்நூலை எடுத்துக் கொடுத்தோம். புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தச் செல்லையா அந்தப் படைக்குப் போகாமல் இருந்திருக்கலாமே?" என்றான்.

"போகாதிருந்தால் பெண்ணும் கடையும் கிடைத்திருக்கும்" என்றோம்.

"அதைத்தான் சொல்லுகிறேன்" என்று சிரித்தான். அவன் தாயார் சிரிக்கவில்லை. புத்தகத்தை அவனே எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.