சவரிமுத்துவின் வகுப்பு

திருநெல்வேலி மிஷனின் ஆரம்பகாலம் பற்றி கால்டுவெல் 1881ல் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். முழுசா வாசிச்சவங்க ரொம்பக் குறைவு. இந்த முறை அதை உட்கார்ந்து படித்தபோது என்னை நிறுத்தி வைத்தது கிளாரிந்தாவின் கதையோ, கூட்டம் கூட்டமாக நடந்த ஞானஸ்நானங்களோ இல்லை. ஸ்வார்ட்ஸ் ஐயரின் 1771ஆம் வருஷக் குறிப்பிலிருந்து கால்டுவெல் எடுத்துத் தருகிற ஒரு சின்னப் பகுதி.

விஷயம் இதுதான். பாளையங்கோட்டையில் சவரிமுத்து என்று ஒரு கிறிஸ்தவர் இருக்கிறார், திருச்சி சபையைச் சேர்ந்தவர். அங்கே உள்ள ரோமன் கத்தோலிக்கருக்கும் இந்துக்களுக்கும் வேதத்தை வாசித்துக் காட்டுகிறார். கோட்டையில் இருந்த ஆங்கிலேய சார்ஜென்ட் ஒருவர் அவருக்குத் துணையாக நிற்கிறார். அந்த சார்ஜென்டின் மனைவியும் அதே சபைதான். கேட்க வந்தவர்களில் ஒரு இளம் கணக்குப்பிள்ளைக்கு ஆர்வம் வந்துவிடுகிறது. சார்ஜென்ட் அவருக்கு ஞானோபதேசத்தின் முக்கியமான ஐந்து பகுதிகளை மனப்பாடம் பண்ண வைத்து, தானே ஞானஸ்நானமும் கொடுத்துவிடுகிறார். ஸ்வார்ட்ஸுக்கு இது பிடிக்கவில்லை.

தாமிரபரணிக் கரையில் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவம் பற்றிய முதல் குறிப்பு இது. கவனித்துப் பாருங்கள்: இதில் கோயில் கிடையாது, ஐயர் கிடையாது, சபைப் பதிவேடு கிடையாது. ஒருத்தர் வாசிக்கிறார், நாலு பேர் கேட்கிறார்கள். இன்றைய பாஷையில் ஒரு பைபிள் கிளாஸ். கிளாரிந்தா ஞானஸ்நானம் பெற்றது 1778ல். 40 பேர் கொண்ட பதிவேடு 1780ல். அவர் முயற்சியில் எழும்பிய, ஊர்க்காரர்கள் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று சொல்லும் ஆலயத்தை ஸ்வார்ட்ஸ் பிரதிஷ்டை பண்ணியது 1785ல். எல்லாவற்றுக்கும் முன்னால் வகுப்பு வந்துவிட்டது.

ஆனால் கால்டுவெல் இதைச் சொல்லிவிட்டு வேகமாகக் கடந்து போகிறார். சவரிமுத்து கையில் எந்தப் புத்தகம் இருந்திருக்கும் என்று அவர் நிற்பதில்லை. பப்ரீசியஸின் புதிய ஏற்பாடு சென்னை வேப்பேரியில் அச்சாகி வந்தது 1772ல், அதாவது ஒரு வருஷம் கழித்து. அப்படியானால் பாளையங்கோட்டையில் வாசிக்கப்பட்டது தரங்கம்பாடியில் அச்சான பழைய தமிழாகத்தான் இருக்கணும்; சீகன்பால்கு 1715ல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டின் வழியில் வந்தது. அந்தத் தமிழ் சரளமான தமிழ் இல்லை. கேட்கிறவர் ஒருவர் கத்தோலிக்கர், இன்னொருவர் கணக்குப்பிள்ளை, அதாவது எழுத்தும் கணக்கும் தெரிந்த ஆள், சட்டென்று ஏமாற மாட்டார். அவர்கள் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் புரிய வைப்பது எவ்வளவு பெரிய வேலை! திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒருத்தர் கேட்க வரணும் என்றால் ஆற்றைக் கடந்துதான் வரணும். சுலோசன முதலியார் பாலம் வந்ததே 1843ல்.

கால்டுவெல்லுக்கு இது தெரியாத உலகம் என்று சொல்ல முடியாது. 1841லிருந்து இடையன்குடியில் இருந்தவர். உபதேசிமார் இல்லாமல் அவர் மிஷன் ஒருநாள்கூட ஓடியிருக்காது. அப்படி இருந்தும் அவர் எழுதும் வரலாற்றில் எண்ணப்படுவது ஞானஸ்நானம், குருப்பட்டம், புதுச் சபை. இவற்றுக்குத் தேதி உண்டு. வகுப்புக்குத் தேதி கிடையாது, சாயங்காலம் மட்டும்தான் உண்டு. (எங்க தொழிலிலும் இப்படித்தான். ரிலீஸ் தேதிதான் பதிவாகும். புதுசா வந்த பையனுக்கு ஆறு மாசம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவன் எந்த லாகிலும் வரமாட்டான்.)

அ. மாதவையா 1915ல் 'கிளாரிந்தா' நாவலை எழுதியபோது இந்தக் குறையைத் தீர்த்திருக்கலாம். பெருங்குளத்துக்காரர், மண் தெரிந்தவர், மதம் மாறாமலேயே கிறிஸ்தவத்தைப் பரிவோடு பார்த்தவர். மதமாற்றத்தை அற்புதமாகக் காட்டாமல், ஒரு பெண்ணின் மனசாட்சி விஷயமாக எழுதியது அவருடைய பெரிய பலம். ஆனால் நாவலின் எடை முழுக்க தஞ்சாவூரிலும், உடன்கட்டையிலிருந்து மீட்கப்படுவதிலும், லிட்டில்டனோடு வாழ்வதிலும் இருக்கிறது. லிட்டில்டன் அவளுக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவ உபதேசமும் சொல்லிக் கொடுத்தார் என்பது கால்டுவெல்லிலேயே இருக்கு. அதுவும் ஒரு வகுப்புதான், நாவலாசிரியனுக்கு அல்வா மாதிரி கிடைத்த இடம். மாதவையாவுக்குக் காதல்தான் முக்கியமாகப் பட்டது.

மறுபடி அந்தக் கணக்குப்பிள்ளைக்கு வருகிறேன். ஐந்து பகுதியை ஒப்புவித்தால் விசுவாசி ஆகிவிட முடியுமா? சார்ஜென்ட் ஆகலாம் என்றார், ஸ்வார்ட்ஸ் போதாது என்றார். ஸ்வார்ட்ஸ் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று நினைக்கிறேன். கிளாரிந்தா முதலில் கேட்டபோதும், அவள் லிட்டில்டனோடு வாழ்ந்ததால், மறுத்தவர் அவர். பாடம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதில் கடைசிவரை ஒரே மாதிரி இருந்தார். ஆனால் சார்ஜென்டை நம்மால் லேசாகத் தள்ளிவிட முடியாது. இன்றைக்கும் பாளையங்கோட்டை சண்டே கிளாஸில் மனப்பாட வசனத்துக்குத்தான் பரிசு. கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பரிசு கொடுத்து நான் பார்த்ததில்லை. அதே நேரம், எண்பது வயசில் பெயர்கள் எல்லாம் மறந்துபோன பாட்டிகள், சின்ன வயசில் படித்த வசனத்தை மட்டும் பிசகாமல் சொல்வதையும் பார்த்திருக்கிறேன்.

சவரிமுத்து இந்தச் சண்டையில் எந்தப் பக்கம்? குறிப்பில் ஸ்வார்ட்ஸ் பேசுகிறார், சார்ஜென்ட் செய்கிறார். வகுப்பெடுத்தவர் வாசிக்கிறார், அவ்வளவுதான்.

புத்தகத்தை எடுக்கிறவர்கள் 1771 பகுதியையும் 1780 பதிவேட்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். நடுவில் இருக்கும் ஒன்பது வருஷத்தை மட்டும் வைத்து ஒரு நாவல் எழுதலாம். யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு.