இருநபர் ஜாமீன்

ஏழைக் கைதிகளுக்காக 2023-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டத்தை அப்போது பாராட்டியவர்கள் எல்லாரும் ஒரே தொகையைத்தான் சொன்னார்கள்: விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை அரசே கட்டும். ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே கிடக்கும் சிலர் இதனால் வெளியே வருவார்கள். நல்லதுதான்.

ஆனால் அவர்களை உள்ளே வைத்திருப்பது பணம் மட்டுமா? நம் நீதிமன்றங்களின் உத்தரவைப் பாருங்கள்: இன்ன தொகைக்குச் சொந்த ஜாமீன், அதே தொகைக்கு இருநபர் ஜாமீன். ஜாமீன் நிற்கும் அந்த இருவரும் பெரும்பாலும் ரொக்கம் கட்ட வேண்டியதில்லை. வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு, பல இடங்களில் விஏஓ சான்று காட்ட வேண்டும். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் சில உத்தரவுகள் சொல்லும். வாடகை வீட்டில் இருப்பவர் பெயரில் வரி ரசீது ஏது? உறவினர்களும் வாடகையில்தான் இருக்கிறார்கள். போலீஸ் கேஸ் என்றதும் முதலாளி ஒதுங்கிவிடுவார். மனைவி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஜெராக்ஸ் கட்டோடு வந்து நிற்பாள், ‘ஒரிஜினல் எங்கே?’ என்று திருப்பி அனுப்புவார்கள். காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் போடுகிற ஆட்கள் கோர்ட் வாசலில் பிழைப்பது இதனால்தான்.

1978-இலேயே உச்ச நீதிமன்றத்தில் மோதிராம் வழக்கில் இது பேசப்பட்டது. மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், ஜாமீன் நிற்க வந்த சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று தள்ளிவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். பஸ்தரில் கைதாகும் தமிழன் என்ன செய்வான் என்றும் கேட்டார். இன்று திருப்பூரில் கைதாகும் பீகார் தொழிலாளிக்கும் அதே கேள்விதான்.

பிணையில் விடத்தக்க குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைத் தர முடியாதவரை ஏழையாகக் கருதிச் சொந்த ஜாமீனில் விட வேண்டும் என்கிறது சட்டம். மற்ற வழக்குகளிலும், ஒரு மாதமாகியும் ஜாமீன் கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் பழைய நிபந்தனையை அப்படியே விட்டு, அதற்குப் பணம் கட்ட அந்த 2023 திட்டத்தின்படி மாவட்டந்தோறும் குழு அமைப்பது, அநியாயத்துக்கு அரசே செலவு செய்வதாகும்.

இலவச சட்ட உதவி வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜாமீன் மனுவிலேயே கட்சிக்காரரின் வருமானத்தையும் குடியிருப்பையும் எழுதி, சொந்த ஜாமீன் போதும் என்று கேளுங்கள். மறுத்தால் மேல் நீதிமன்றம் செல்லுங்கள்.