நுண்துளைகளின் குணமும் குற்றமும்

2022ஆம் ஆண்டின் மின்வெட்டை வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இருந்து அனுபவித்த கொழும்புவாசிகளுக்குச் சூரிய சக்தியின் அவசியத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், அச்சக்தியைப் பெறும் சாதனங்களுள் நுண்துளைப் படலத்தில் சாயமேற்றிச் செய்யப்படும் சூரியக்கலத்தை நடுநிலை நின்று சீர்தூக்கிப் பார்ப்பது நமது கடமையாகும். அதன் விருத்தியில் இலங்கை விஞ்ஞானிகளுக்கும் கணிசமான பங்குண்டு.

1991இல் ஆய்வாளர்களான ஓரீகனும் கிரேட்செல்லும் வெளியிட்ட இத்தகைய கலத்தின் விசேஷம் அதன் துளைகளிலேயே அமைந்தது. மட்டமான பரப்பிற் படியும் ஒற்றை மூலக்கூற்றுச் சாயப்படை ஒளியின் மிகச் சிறு பங்கையே உறிஞ்ச வல்லது. ஆனால், சுமார் 15 நனோமீற்றர் அளவான தைத்தேனியமீரொட்சைட்டுத் துணிக்கைகளைச் சுட்டிணைத்து 10 மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள படலமாக்கியபோது, அதன் உட்பரப்பு வெளிப்பரப்பைப்போல் ஏறத்தாழ 780 மடங்காகி, அத்தனையிலும் சாயம் படிந்து, 7 சதவீதத்துக்கு மேற்பட்ட வினைத்திறன் கைகூடிற்று. அதிதூய சிலிக்கன் வேண்டாத இம்முறை, பொருள்வளம் குறைந்த ஆய்வுகூடங்களுக்கும் எட்டுவதாயிற்று.

எனினும், பரப்பைப் பெருக்கிய அதே துளைகள் இழப்பையும் பெருக்குகின்றன. ஒளியை உறிஞ்சிய சாயத்தினின்று விடுபட்ட இலத்திரன், துணிக்கைக்குத் துணிக்கை தாவி மின்வாயை அடையுமுன், துளைகளை நிரப்பி நிற்கும் மின்பகு திரவத்திற் சிக்கி வீணாகலாம். படலத்தைத் தடிப்பாக்கினால் ஒளி மிகுதியாகப் பற்றப்படினும் இலத்திரனின் வழி நீள்கிறது. துளையைச் சிறிதாக்கினால் பரப்பு மிகுந்தாலும் திரவத்திலுள்ள அயன்களின் நடமாட்டம் தடைப்படுகிறது. திரவமோ கசியவும் ஆவியாகவும் கூடியது. உப்புக்காற்றும் வெயிலும் ஓயாத வெள்ளவத்தைக் கூரைகளில் அதனை ஆண்டுக்கணக்கிற் பேணுவது எளிதன்று.

கண்டி அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் பேராசிரியர் கே. தென்னக்கோன் குழுவினர், 1995இல் திரவத்தை விலக்கித் துளைகளைச் செப்பு அயடைட்டால் நிரப்பித் திண்மக் கலம் அமைத்தமை இக்குறைக்கு நேரான பரிகாரமாகும். ஆயினும், அதில் செப்பு அயடைட்டுப் பளிங்குகள் பெரிதாக வளர்ந்து துளைகளுக்குட் புகாமல் நின்றன; நாளடைவில் வினைத்திறனும் தேய்ந்தது. பின்னர் யப்பானிய ஆய்வாளருடன் சேர்ந்து, தயோசயனேற்று உப்பொன்றைச் சிறிதளவு கலந்து பளிங்கு வளர்ச்சியை அடக்கியது, ஒரு குறையை அதன் காரணத்திலேயே நாடித் தீர்த்த ஆராய்ச்சி முறைக்கு நல்லுதாரணம்.

சந்தைச் சிலிக்கன் தகடுகள் 20 சதவீதத்தைக் கடந்திருக்க, சாயக்கலம் ஆய்வுகூடத்திலேயே 15 சதவீத அளவில் நிற்பதால், கூரைகளில் அது போட்டியிடுமென்று நம்புவது பொருந்தாது. ஆனால் 2017இல் 1,000 லக்ஸ் அறைவெளிச்சத்தில் அது 28.9 சதவீத வினைத்திறனை எய்தியமை, வெயில் நேரே விழாத நெருங்கிய மனைகளுக்குரிய சிறு கருவிகளில் அதன் பிரயோசனத்தைக் காட்டுகிறது. புல்மோட்டை மணலிலுள்ள தைத்தேனியக் கனிமத்தைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்யும் நாம், அதனை நுண்துளைப் பொருளாக மாற்றும் வித்தையைக் கைக்கொள்வதோடு, ஒருநாள் வினைத்திறனை மட்டும் கொண்டாடாது, நமது வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் திறனையே பிரதான அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.