எளிமை யாருக்கு?

சின்ன வெப்சைட்டுக்கு எந்த சிஎம்எஸ் நல்லது என்று கேட்டால் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. "வேர்ட்பிரஸ் போட்டுடுங்க" என்பது ஒன்று. புரோகிராமர்களைக் கேட்டால், "எதுக்கு டேட்டாபேஸ் எல்லாம், ஜெக்கில் போதும்" என்பார்கள். இரண்டு தரப்பும் எளிமை என்றுதான் சொல்கிறது. யாருக்கு எளிமை என்பதை மட்டும் சொல்வதில்லை.

ஒரு பல் டாக்டரின் கிளினிக் சைட் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பக்கம். வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும், அதுவும் டாக்டர் பார்க்கிற நேரம்.

வேர்ட்பிரஸ் 2003-ல் வந்தது. பிரவுசரில் லாகின் பண்ணி, மாற்றி, பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. எழுதுகிறவருக்கு சுகம். ஆனால் பக்கத்தை யார் திறந்தாலும் பிஎச்பி ஓடி, டேட்டாபேஸைக் கேட்டு, அப்போதுதான் பக்கத்தைக் கட்டித் தரும். இரண்டு மாற்றத்துக்காக வருஷம் முழுக்க ஒரு புரோகிராம் வாசலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறது. பிளகின் அப்டேட்டை யாரும் கவனிக்கவில்லை என்றால் திருடன் வருவது அந்த வாசல் வழியாகத்தான். கேஷ் பிளகின் இருக்கே என்பீர்கள். வேகம் கிடைக்கும், சரி. கவனிக்க வேண்டிய பிளகினில் இன்னொன்று கூடுமே!

2008-ல் வந்த ஜெக்கில் இதற்கு நேர் எதிர். பக்கங்களை முன்னாடியே எச்டிஎம்எல்லாகச் செய்து வைத்துவிடும். சர்வரில் ஓட ஒன்றுமில்லை, அதனால் உடையவும் ஒன்றுமில்லை. ஆனால் நேரத்தை மாற்ற கிளினிக் ரிசப்ஷனிஸ்ட் மார்க்டவுனும் கிட்டும் கற்க வேண்டும். கற்க மாட்டார், கற்க வேண்டிய அவசியமும் இல்லை. சைட் செய்து கொடுத்தவருக்கு வாட்ஸ்அப் அனுப்புவார். அவர் கண்ணில் படும்வரை பழைய நேரம்தான்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி 2001-லேயே இருந்தது. மூவபிள் டைப். பிரவுசரில் எழுதலாம், சேமித்தால் அதுவே ஸ்டேட்டிக் பக்கமாக எழுதி வைத்துவிடும். அது ஏன் பின்தங்கியது? டெம்ப்ளேட்டைத் தொட்டால் எல்லாப் பக்கத்தையும் திரும்பக் கட்ட வேண்டும். பெரிய வலைப்பதிவுக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். அதோடு 2004 மே மாதம் மூன்றாம் பதிப்பில், இலவசமாக வேண்டுமென்றால் ஒரு எழுத்தாளர், மூன்று வலைப்பதிவுகள்தான் என்று லைசென்ஸை இறுக்கினார்கள். கோபப்பட்ட பலர் வேர்ட்பிரஸுக்குப் போனார்கள். லைசென்ஸ் பிரச்சினை வடிவமைப்பின் குறை இல்லை. காத்திருப்பதும் பெரிய சைட்களின் தொல்லைதான். பத்துப் பக்கத்தைக் கட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அங்கேயும் அட்மின் என்று ஒரு புரோகிராம் ஓடுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதைத் தனியாகப் பூட்டி வைக்கலாம். அது படுத்துவிட்டாலும் வாசகர் பார்க்கும் பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது.

புதிதாக ஒரு சின்ன சிஎம்எஸ் செய்ய உட்காருகிறவர்கள் வசதிப் பட்டியலை அப்புறம் போடட்டும். ரிசப்ஷனிஸ்ட் யாரையும் கேட்காமல் ஒரு வரியை மாற்ற முடியுமா? செய்து கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் சைட் மூன்று வருஷம் தாக்குப்பிடிக்குமா? வேர்ட்பிரஸ் முதல் கேள்வியில் பாஸ், ஜெக்கில் இரண்டாவதில் பாஸ். சின்ன சைட்டுக்கு இரண்டிலும் பாஸ் ஆக வேண்டும்.