பால் வழு

வழு ஏழு என்று வகுப்பில் ஒப்பிக்க வைப்பவள் நான். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. பால் வழு வரும்போது மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். 'அவன் வந்தாள்' என்று எந்தத் தமிழ்ப் பிள்ளை எழுதப்போகிறது? நாற்பதைத் தாண்டி ஸ்பானியம் படிக்கப் போன இடத்தில், அந்த வழு எனக்கு நாளுக்கு முப்பது முறை நேர்ந்தது.

போன இடம் குவாத்தமாலாவின் ஆன்டிகுவா. 1773 நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகரம் வேறிடத்துக்குப் பெயர்ந்துவிட, இடிந்த தேவாலயங்களோடு தங்கிப்போன ஊர். இன்று வெளிநாட்டவர் அங்கே போவதற்கு ஸ்பானியப் பள்ளிகள் ஒரு முக்கியக் காரணம். காலையில் நான்கு மணி நேரம், ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர். மீதி நேரம் ஒரு குடும்பத்தோடு வாசம். அலைதே ஃபோப்பாவின் கவிதைகளை ஆங்கிலத்தின் தயவில்லாமல் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. 1976இல் மெக்சிகோவில் 'ஃபெம்' என்ற பெண்ணிய இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். 1980 டிசம்பரில் குவாத்தமாலா நகரில் கடத்தப்பட்டார், திரும்பவே இல்லை. நெருடாவை ஆங்கில வழியாகப் படித்தே தலைமுறைகளைக் கழித்த நமக்கு, இந்தப் பெயர்கூட ஒழுங்காக வந்து சேரவில்லை.

பள்ளி விளம்பரத்தில் 'குடும்பம்' என்ற சொல், தனி அறை, வெந்நீர், மூன்று வேளைச் சாப்பாடு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது. குடும்பம் என்று அவர்கள் எழுதியது ஒரு பெண்ணின் உழைப்பை. எங்கள் வீட்டம்மா ஞாயிறு தவிர ஆறு நாளும் மூன்று வேளை சமைத்தார். பிறகு எதிரே உட்கார்ந்து என் வாக்கியங்களையும் திருத்தினார். சமையலுக்குப் பள்ளி காசு கொடுத்தது. திருத்தியதற்கு யாரும் கொடுக்கவில்லை. அது தாய்மையின் கணக்கில் போயிற்று.

தமிழில் பால் உயர்திணைக்கும் அஃறிணைக்கும் ஏற்ப அமைவது. கைக்கும் மேசைக்கும் ஆண் பெண் கிடையாது. ஸ்பானியத்தில் உண்டு. 'மானோ' என்றால் கை. 'ஓ'வில் முடிந்தாலும் பெண்பால். நான் 'எல் மானோ' என்பேன். மேசையே சிரிக்கும். வீட்டம்மா என் கையைத் தொட்டு, "லா மானோ, என் ராணி" என்பார். அவருடைய மகன், இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பேசுகிறீர்களே என்று மெச்சுவான். தப்பாகப் பேசிப் பாராட்டு வாங்குவது எவ்வளவு சுகம் என்று அங்கேதான் தெரிந்தது.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். பக்கத்துக் கிராமத்துக் கக்சிக்கேல் பெண், பதினெட்டு இருக்கலாம். வீட்டில் அவளை 'முச்சாச்சா' என்றார்கள். நம் வீடுகளில் 'வேலைக்காரப் பொண்ணு' என்பதில் வேலையை விழுங்கிவிட்டு வெறும் 'பொண்ணு' என்கிறோமே, அதே சொல். எனக்கு 'உஸ்தெத்', நீங்கள். அவளுக்கு 'வோஸ்', நீ. மாயா மொழிகளிலும் இலக்கணப் பால் இல்லை. கக்சிக்கேலில் கை வெறும் கைதான். ஆக, ஸ்பானியத்தில் அவளும் நானும் தடுக்கி விழுந்தது ஒரே கல்லில்.

ஒரு நாள் காலை அவள் 'எல் லேச்சே' தீர்ந்துவிட்டது என்றாள். லேச்சே என்றால் பால். நம் மொழியில் அதற்கும் இலக்கணத்துக்கும் ஒரே சொல் என்பதை நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தபோது, மகன் சொன்னான்: "எத்தனை வருஷம் ஆனாலும் இவர்களுக்கு வராது." அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். 'நானும் அப்படித்தானே சொல்கிறேன்' என்று சொல்லும் அளவுக்கு என்னிடம் அப்போதே ஸ்பானியம் இருந்தது. சொல்லவில்லை.

குவாத்தமாலாத் தொழிலாளர் சட்டத்தின் வீட்டுவேலைப் பகுதியை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். வீட்டு வேலைக்கு வேலைநேர வரம்பு பொருந்தாது. நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தந்தால் போதும். மிச்சம் 14 மணி நேரம். மொழி கற்க இன்னொருவர் வீட்டில் தங்குவது என்றால் இதுவும்தான்.

ரிகோபெர்த்தா மெஞ்சூவின் வாழ்க்கைச் சாட்சியத்தை மறுபடி எடுத்தது அந்த வாரம். கிச்சே இனத்தவரான அவர் 1982இல் பாரிஸில் வெனிசுவேலாவைச் சேர்ந்த மானுடவியலாளர் எலிசபெத் புர்கோஸிடம் ஸ்பானியத்தில் சொல்ல, 1983இல் நூலானது. தலைநகரில் பணக்கார வீட்டில் வேலைக்காரியாக இருந்த பகுதியை யாரும் மறக்க முடியாது: வீட்டு நாய்க்குக் கிடைத்த சாப்பாடு அவருக்குக் கிடைக்கவில்லை. 1999இல் டேவிட் ஸ்டோல், மெஞ்சூ கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் படித்தவர், ஸ்பானியம் தெரியாமல் வளர்ந்தார் என்பது சரியல்ல என்று எழுதினார். அந்தப் பள்ளியில் தான் துடைத்துக் கழுவும் வேலைக்காரியாக இருந்ததாக மெஞ்சூ பதில் சொன்னார். எந்த ஆண்டு கற்றார் என்பதில் எல்லோருக்கும் அக்கறை. எந்த வாளியைத் தூக்கிக்கொண்டு கற்றார் என்பதே எனக்குக் கேள்வி.

என்னை நிறுத்தியது புர்கோஸின் முன்னுரை. மெஞ்சூ ஒரு வாரம் அவர் வீட்டில் தங்குகிறார். விருந்தாளிதான், ஆனால் முதல் காலையே எழுந்து சோள ரொட்டி தட்டுகிறார். புர்கோஸ் அதை நெகிழ்ந்து எழுதுகிறார், தன் நாட்டுப் பெண்களின் நினைவு வந்ததாகச் சொல்கிறார். அந்த நெகிழ்ச்சி பொய்யில்லை. ஆனாலும், அடுத்த வீட்டு அடுப்படியில் விழித்தவுடன் கை தானாக மாவைத் தேடும் பழக்கம் எங்கே ஏற்பட்டது என்று அவர் கேட்டிருக்கலாம்.

அதே முன்னுரையில், மெஞ்சூவின் பேச்சில் இருந்த பால் வழுக்களைத் தான் திருத்திவிட்டதாகவும் சொல்கிறார். அப்படியே விட்டால் அவரை வேடிக்கைப் பொருளாக்கியது போலாகும் என்பது காரணம். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் இந்தக் காரணத்தை என்னால் தள்ள முடியாது. மகனைப் போன்ற வாசகர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வழுக்கள் போனதோடு, அந்த ஸ்பானியம் யார் வீட்டில், எந்த நிலையில் கற்கப்பட்டது என்பதற்கான தடயமும் போய்விட்டது. மெஞ்சூவுக்கு நோபல் பரிசு கிடைத்த 1992இல்தான் பாமாவின் 'கருக்கு' வந்தது. பேச்சு மொழியில் எழுதியதற்காக நம் ஆட்கள் முகம் சுளித்தார்கள். பாமா திருத்திக்கொள்ளவில்லை. நம் இலக்கணத்தில் வழுவமைதி என்று ஓர் ஏற்பாடு உண்டு. காரணம் இருந்தால் வழுவையும் ஏற்றுக்கொள்ளலாம். அந்தக் காரணம் போதுமானதா என்று தீர்மானிப்பவர் யார் என்பதை நான் வகுப்பில் கேட்டதில்லை.

கிளம்புவதற்கு முந்தின இரவு என் தட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். அவள் தண்ணீர்த் தொட்டியருகே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உங்கள் மொழியில் பாலுக்கு என்ன சொல் என்று கேட்டேன். 'உஸ்தெத்' போட்டுத்தான் கேட்டேன். அவள் ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தாள்.

"எங்கள் வீட்டிலும் லேச்சேதான், செஞ்ஞோரா" என்றாள். "ஆனால் அங்கே எல்லும் இல்லை, லாவும் இல்லை."