நான்கு எண்களும் ஒரு ஸ்பூன் ஆயிலும்

பழைய அம்பாசடர் ஒன்று மேடேறத் திணறுகிறது. நின்று ஓடும்போது குலுங்குகிறது. “கம்ப்ரஷன் இல்லை, இன்ஜினை இறக்கணும்” என்று உடனே தீர்ப்பு விழும். அதில் முதல் பாதி சரியாகவே இருக்கலாம். இரண்டாவது பாதிதான் அவசரம். பிஸ்டன் மேலேறி அழுத்தும் காற்றுக்குத் தப்பியோட வழிகள் சிலவே. ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கலாம்; வால்வு இடுக்கில் கசியலாம்; ஹெட் கேஸ்கெட் பொத்துக்கொண்ட இடத்தில் பக்கத்து சிலிண்டருக்கோ ரேடியேட்டர் தண்ணீருக்கோ போகலாம். எந்த வழி என்பதை ஹெட்டைக் கழற்றாமலே சொல்லிவிடுவதுதான் இந்தத் தொழிலின் உச்சம் என்பேன்.

கம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண் தனியாக எதையும் சொல்லாது என்பது இங்கே முதல் பாடம். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுக்க மிதிபட்டிருக்க வேண்டும், பேட்டரியில் தெம்பு வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் எண் பொய் சொல்லும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றே மெலிந்திருப்பதால், சென்னையில் காட்டியதைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைத்தே காட்டும். அதற்காக வண்டி மலையேறியதும் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆகவே பார்க்க வேண்டியது அளவை அல்ல, வித்தியாசத்தை. நான்கும் ஒன்றுபோல 100 காட்டும் கிழட்டு இன்ஜின் இன்னும் சில காலம் மானத்தோடு ஓடும். 120, 118, 85, 122 என்று காட்டுவதில்தான் நோய் இருக்கிறது. முள் ஏறும் விதமும் பேசும். முதல் அடியில் குறைவாக எழும்பி, அடுத்தடுத்த அடியில் மெல்ல மெல்லக் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. எழும்பிய இடத்திலேயே ஏறக்குறைய நின்றுவிட்டால் வால்வு. சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடித்துப் பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தீரும்: ஆயில் ரிங்கின் இடுக்கை அடைக்கும், வால்வின் இடுக்கை அடைக்காது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே விழுந்திருந்தால் கேஸ்கெட் பக்கம் திரும்ப வேண்டும்.

ஆயில் சோதனையை நம்ப முடியாது என்று சில கைதேர்ந்தவர்களே சொல்வதுண்டு. விட்ட ஆயிலே இடத்தை அடைத்துக்கொள்வதால், நல்ல சிலிண்டரிலும் முள் கொஞ்சம் ஏறும். குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் நான்கிலும் ஒரே அளவு ஆயில் விட்டு, எது மற்றவற்றைவிட அதிகம் ஏறியது என்று பார்த்தால் அந்த வாதம் வலுவிழக்கிறது. குறை சோதனையில் இல்லை, நோயுற்ற சிலிண்டரை மட்டும் சோதிக்கும் சோம்பலில் இருக்கிறது.

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. வடிவமைத்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உடற்கூறு தெரிந்தவருக்கு ஒரு துப்பு கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, புகையை ஒரே வழியில் தள்ளுகின்றன. சூடு அங்கேதான் குவிகிறது. வால்வு கருகியிருக்குமோ என்ற சந்தேகம் முதலில் அங்கே போவது நியாயம். இன்னொன்று, இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே கடைந்த வால்வு சீட்டுகளுக்கு அந்த ஈயம்தான் கவசமாக இருந்தது. அது போனபின், கடுமையாக ஓட்டப்படும் இன்ஜினில் சீட் தேய்ந்து, வால்வு மேலே ஏறி, டேப்பெட் இடைவெளி மறைந்து, வால்வு முழுக்க மூடாமல் நிற்கிறது. சத்தமே போடாத டேப்பெட்டைப் பாராட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. கொஞ்சம் டிக்டிக் என்பது ஆரோக்கியம். ஊமை டேப்பெட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தாலே கம்ப்ரஷன் திரும்பிவிடும் வண்டிகள் உண்டு. அப்படிப்பட்ட வண்டிக்கு ரீபோர் செய்வதை என்னவென்று சொல்வது!

இவ்வளவு சுற்றுவானேன், பிளக் துளையில் கேமராவை விட்டுப் பார்த்தால் ஆயிற்று என்பார்கள். கேமரா கருகிய வால்வின் ஓரத்தைக் காட்டும். மயிரிழைக் கசிவைக் காட்டாது. அதற்குக் காதுதான் வேண்டும். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்துக் கேட்க வேண்டும். கார்பரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சர் முனையில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியைத் திறக்கும்போது சீறல் பலமாகக் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். ஹெட்டைக் கழற்றிய மறுகணம் இந்தச் சாட்சிகள் அத்தனையும் கலைந்துபோகும். அதன்பின் கேஸ்கெட்டின் கறையைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் “கம்ப்ரஷன் நல்லாருக்கு” என்ற வாய்வார்த்தையை ஏற்க வேண்டாம். ஆயில் விடுமுன் நான்கு, விட்டபின் நான்கு என்று எட்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.