வேளையற்ற பட்டியல்கள்

ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவர்களில் பலருக்கு சார்லஸ் லாம் என்றால் 'ட்ரீம் சில்ட்ரன்' ஒன்றுதான். பரீட்சை நோட்ஸ் அவரை இனியவர், சாந்தமானவர் என்று இரண்டு அடைமொழியில் முடித்துவிடும். இதை ஆரம்பித்து வைத்தவர் நண்பர் கோல்ரிட்ஜ், 1797-ல் எழுதிய ஒரு கவிதையில். லாம் அதற்காகக் கடிதத்தில் கோபித்துக்கொண்டார். நோட்ஸ் அதைச் சொல்வதில்லை.

1822-ல் 'லண்டன் மேகஸின்' பத்திரிகையில் புஸ்தகங்களையும் வாசிப்பையும் பற்றி அவர் எழுதிய கட்டுரையைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். மேலுக்கு அது ஒரு பட்டியல்: பிடித்த புஸ்தகங்கள், புஸ்தகமென்றே அவர் ஒப்புக்கொள்ளாத புஸ்தகங்கள். இரண்டாவது வரிசையில் பஞ்சாங்கம், டைரக்டரி, சட்டத் தொகுப்பு இவற்றோடு ஹியூமையும் கிப்பனையும் உட்கார்த்தி வைக்கிறார். கிப்பன் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. கிப்பனின் வசனத்தில் உள்ள குசும்பு லாமுக்கா தெரியாது? ஆனால் கட்டுரையின் விசேஷம் பெயர்களில் இல்லை, வேளையில் இருக்கிறது. சாப்பாடு தயாராகிற ஐந்தாறு நிமிஷப் பொறுமையின்மையில் ஸ்பென்ஸரைக் கையிலெடுக்க முடியாது என்கிறார். மில்டனுக்கு முன்னால் சங்கீதம் வேண்டும்; ஷேக்ஸ்பியருக்குக் குளிர்கால ராத்திரி. வாடகை நூலகத்தில் அழுக்கேறிய 'டாம் ஜோன்ஸ்' பிரதி, பகலெல்லாம் ஊசி பிடித்துவிட்டுத் தூக்கத்தில் ஒரு மணியைத் திருடி அதைப் படித்த தையற்காரியை அவருக்கு நினைவூட்டுகிறது. அழுக்கு அங்கே ஒரு விமர்சன அபிப்ராயம்.

நம்மிடையே பட்டியலுக்குக் குறைவில்லை. க.நா.சு. ரசனையின் பேரில் பெயர்களைச் சொன்னார். செல்லப்பா 'எழுத்து'வில் (1959-1970) அது போதாது, அலசிக் காட்டு என்றார். இந்தச் சண்டையில் நான் க.நா.சு. பக்கம்தான். ஆனால் 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டவர், ஏன் படிக்கவேண்டும் என்றும் புஸ்தகம் புஸ்தகமாகச் சொன்னவர். பின்னால் வந்தவர்கள் பெயர்களை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள். பத்து நாவல், பத்து கவிஞர். யார், எப்போது, எந்த நிலையில் படித்தது என்ற தடயமே இல்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' இந்தப் பட்டியல்கள் பலவற்றில் இருக்கிறது. மோட்டாரைப் போட்டும் குழாயில் காற்று மட்டும் வருகிற காலையில், காலிக் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால், ஜமுனாவின் அலுப்பு எவ்வளவு கச்சிதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியும். இதைச் சொல்ல ஒரு பட்டியலுக்கும் தோன்றவில்லை.

வாசிப்பின் சந்தோஷம் சோம்பேறித்தனம், விமர்சனம் ஆகாது என்பவர்களுக்கு லாமின் வாழ்க்கையைச் சொல்லவேண்டும். 1796-ல் அக்கா மேரி புத்தி பேதலித்த நிலையில் தாயைக் கத்தியால் குத்திக் கொன்றாள். லாமுக்கு அப்போது 21 வயது. 1834-ல் சாகும்வரை அவளுக்குப் பொறுப்பேற்றார். 1792 முதல் 1825 வரை 33 வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கெழுதினார். என்னுடைய நிஜமான படைப்புகள் கம்பெனியின் அலமாரியில்தான் இருக்கின்றன என்று கேலியாகச் சொன்னதுண்டு. வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு அதில் கேலி மட்டும் தெரிவதில்லை. 'ஓல்ட் சைனா'வில் (1823) சகோதரி பழைய நாட்களுக்கு ஏங்குகிறாள்: நைந்த பழுப்புச் சட்டையை மாற்றாமல் காசு மிச்சம்பிடித்து, ஒரு சனிக்கிழமை ராத்திரி போமன்ட்-ஃப்ளெச்சர் தொகுதியை வாங்கி வந்த நாட்கள். கட்டுரையில் அவளுக்கு வேறு பெயர். கொலை பற்றி ஒரு சொல் இல்லை. அந்த மௌனத்தின் மேல்தான் பீங்கான் கோப்பை உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு மௌனம் உண்டு. இதை நான் மன்னிக்கத் தயாரில்லை. அந்தக் கோப்பையில் அவர்கள் குடிப்பது ஹைசன் தேயிலை. சீன வியாபாரத்தின் ஏகபோகம் அப்போது கம்பெனியிடம். தேயிலைக்கும் அவுரிக்கும் பகலெல்லாம் கணக்கெழுதுவது லாம். நீலக்கோடு போட்ட பீங்கானில் படகை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற கண், அவுரி எந்த ஊர் வயலிலிருந்து தன் மேஜைக்கு வந்தது என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.